கொறற்றி அக்காவின் மேல் அறை

லீவு நாளில் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்களை எனக்கு விளங்குவதில்லை. அதிலும் தான் அகதியாக இருந்த வீட்டை யாராவது தேடிப் போவார்களா? நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் என்னை வைத்திருந்த கொள்கலன் முகாமைப் பொன்னால் வேய்ந்து தந்தாலும் அந்தத் தெருவால் போக மாட்டேன். ஆனால் கொறற்றி அக்கா கேட்டால் மறுக்க ஏலாது.

அக்காவும் நானும் ஸ்டுட்கார்ட்டில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறோம். அக்கா மன்னார்க்காரி. ஆள் கட்டை, வாய் நீளம். தலைமைச் சமையல்காரரே சூப்புக்கு உப்புப் போடமுன் அவருடைய முகத்தைப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் ஒருநாள் உருளைக்கிழங்கு உரித்தபடி, என் முகத்தைப் பாராமல் கேட்டார்.

"சுலோ, வாற ஞாயிறு உனக்கு வேலையே?"

"இல்லை அக்கா. ஏன்?"

"குடிலைத் திருத்தி முடிச்சிட்டினமாம். சனத்தை உள்ளை விட்டுக் காட்டுகினமாம். என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போவியே?"

குடில் என்று அக்கா சொன்னது, ஹோஹென்லோஹே என்ற நாட்டுப்புறப் பகுதியில் ஒரு காட்டோரத்தில் இருக்கிற சின்ன வீட்டை. இருநூறு வருடங்களுக்கு முன்னர் ஒரு பிரபு தன் மனைவிக்காகக் கட்டியது. நாணல் கூரை, மரப்பட்டை சுற்றிய தூண்கள், கூரான சன்னல்கள். அரண்மனை அலுத்துப்போனால் இரண்டு பேரும் இங்கே வந்து ஏழைக் குடியானவர்கள் போல இருந்து பார்ப்பார்களாம். பணம் இருந்தால் எத்தனை விதமாகப் பொழுது போக்கலாம்!

தொண்ணூறாம் ஆண்டு மூன்று தமிழ்க் குடும்பங்களை அந்த வீட்டில்தான் கொண்டுபோய் இறக்கினார்கள். அது பிரபுவின் வீடு என்று அவர்களுக்கு யார் சொன்னது? கூரையைக் கண்டதும், ஜெர்மனியிலேயே ஆக ஏழை வீட்டைத் தங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பெண்கள் ஒரு பாட்டம் அழுதிருக்கிறார்கள். "கிறிஸ்மஸுக்குக் கோயிலிலை கட்டுற பாலன் குடில் மாதிரியே இருந்தது பிள்ளை" என்பார் அக்கா. பெயர் வந்தது அப்படித்தான்.

ஹனோவரில் இருக்கிற அவருடைய மகள் லாரா வர மறுத்துவிட்டாள். "அம்மா, அது அகதி முகாம். அதிலை என்னத்தைப் பாக்கப் போறீங்கள்?" என்று கேட்டாளாம். காரில் நானும் அதையேதான் கேட்டேன்.

"மேலை ஒரு அறை இருக்கு. அதை ஒருக்காப் பாத்தால் காணும்."

"அப்பிடி என்ன இருக்கு அந்த அறைக்குள்ளை?"

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே அறுவடை முடிந்த வயல்கள் ஓடின.

"கலியாணம் முடிச்ச கையோடை வந்தனாங்கள். அப்ப அவருக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. மற்ற ஆம்பிளையள் விசர் பிடிச்ச மாதிரித் திரிஞ்சவை. அவர் என்னோடையே இருந்தார். காலமை கண் முழிச்சால் பக்கத்திலை ஆள். மத்தியானமும் ஆள். நான் சீப்பாலை தலை இழுக்கேக்கை சன்னலடியிலை இருந்து பாத்துக்கொண்டிருப்பார். பிறகு விசா கிடைச்சுது. கேக் வெட்டிக் கொண்டாடினம். அண்டையோடை எல்லாம் முடிஞ்சுது."

முடிந்த கதை எனக்குத் தெரியும். அக்காவின் கணவர் ஞானப்பிரகாசம் அண்ணைக்கு விடியப்புறம் அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை, பின்னேரத்தில் உணவகச் சமையலறை. அக்காவுக்கு முதியோர் இல்லம். ஒருவர் வர மற்றவர் போவார். பென்ஷன் எடுத்தபிறகு ஆறுதலாக இருப்போம் என்று சொல்லிச் சொல்லியே காலத்தை ஓட்டிய மனுசன், பென்ஷன் எடுக்க ஒரு வருடம் இருக்கையில் வேலை இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார். அக்காவுக்கு அவரோடு முழுதாக இருக்கக் கிடைத்தது அந்தக் குடிலில் மட்டும்தான். அதுவும் சட்டம் அவரை வேலைக்குப் போகாமல் தடுத்த புண்ணியத்தால். எனக்கு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கோபம் வந்தது. யார்மீது கோபிப்பது என்றுதான் தெரியவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வீடு வடிவாகத்தான் இருந்தது. வாசலில் ஃபிராவ் எபெர்லே என்ற வயதான பெண் நின்றார். ஊர் வரலாற்றுச் சங்கத்தில் சம்பளம் வாங்காமல் விருப்பத்துக்கு வேலை செய்கிறவர். ஒரு கூடை நிறையப் பெரிய கம்பளிச் செருப்புகள் வைத்திருந்தார். தரை பழுதாகாமல் இருக்க எல்லோரும் சப்பாத்தின் மேலேயே அதை மாட்டிக்கொள்ள வேண்டுமாம். நான் மாட்டினேன். அக்கா கூடையைக் கவனிக்கவே இல்லை. சப்பாத்தைக் கழற்றிக் கதவோரம் ஒதுக்கி வைத்துவிட்டு, வேலையால் வீட்டுக்கு வந்தவர் போல வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். ஃபிராவ் எபெர்லே என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கீழே ஒரு அடுப்படி. இந்த அடுப்பில் ஒருநாளும் சமைத்ததில்லை, சாப்பாடெல்லாம் அரண்மனையிலிருந்து வரும் என்று அந்த அம்மா விளக்கினார். அக்கா என் காதுக்குள், "உதுக்கு முன்னாலைதான் எங்கடை மின்னடுப்பு இருந்தது. ஞாயிறு எண்டால் ஆட்டிறைச்சிக் கறி. காடெல்லாம் மணக்கும்" என்று சொல்லிச் சிரித்தார்.

"உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் யாரும் ஒருபோதும் வாழ்ந்ததில்லை" என்று ஃபிராவ் எபெர்லே முடித்தார்.

எனக்குச் சூடு ஏறிவிட்டது. வாயைத் திறக்கமுன் அக்கா என் கையைப் பிடித்தார். "விடு பிள்ளை. மேலை போவம்."

முழங்கால் வலி என்று வேலையிடத்தில் லிப்டுக்குக் காத்து நிற்கிற மனுசி, அந்த மரப்படியில் எனக்கு முன்னால் ஏறிப்போனார். நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது நடுவில் அசையாமல் நின்றார்.

அறை இல்லை. மேல்மாடி முழுவதும் ஒரே மண்டபம். நான்கு பொன்நிறக் கதிரைகள், ஒரு தேநீர் மேசை. மேலே முகடு முழுக்க நீல வானம் தீட்டியிருந்தது. வெள்ளை முகில்கள், தகைவிலான் குருவிகள். மற்றவர்கள் கழுத்தை வளைத்து மேலே பார்த்து வியந்தார்கள். அக்கா தரையையே பார்த்தார்.

"சுவர்கள் எங்கே?" என்று ஜெர்மனில் கேட்டார்.

அவை பழைய சுவர்கள் அல்ல, அகதிகளை வைத்திருந்த காலத்தில் அடித்த வெறும் பலகைத் தடுப்புகள், காப்பாற்றி வைக்கத்தக்கதாக ஒன்றும் இருக்கவில்லை என்று ஃபிராவ் எபெர்லே சொல்லிக்கொண்டு வந்தவர், அக்காவின் வெறுங்காலைக் கண்டு நிறுத்தினார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

"நாங்கள் வாழ்ந்தோம். இங்கே" என்றார் அக்கா.

அக்கா சன்னலடிக்குப் போய் அங்கிருந்து மெதுவாக நடந்து வந்தார்.

"இதிலை சுவர், சுலோ. இதிலை கதவு. ஒண்டுக்கு மேலை ஒண்டு இருக்கிற கட்டில்தான் தந்தவங்கள். புதுசாக் கலியாணம் கட்டின சோடிக்கு! அவர் அதைக் கழட்டி வெளியிலை வைச்சிட்டு, ரண்டு மெத்தையையும் நிலத்திலை சேத்துப் போட்டவர். இதிலை."

அப்போதுதான் மேலே பார்த்தார்.

"உது அப்பவும் மேலை இருந்ததே?"

நான் ஜெர்மனில் கேட்டேன். ஓம், முன்னர் எப்போதோ அடித்த பலகை முகட்டுக்குப் பின்னால், மழையில் கொஞ்சம் மங்கினாலும் அழியாமல் இருந்தது, பலகையைக் கழற்றியபோதுதான் தங்களுக்கே தெரியவந்தது என்றார் ஃபிராவ் எபெர்லே. அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"பலகையிலை மழைத்தண்ணி ஊறின கறையள் இருந்தது" என்றார் அக்கா. "அவர் கிடந்துகொண்டு, அது யானை, இது லூர்தம்மா மாமியின்ரை மூக்கு எண்டு எனக்குக் காட்டுவார். இவ்வளவு வடிவும் அதுக்கு மேலை இருந்திருக்கு. மனுசன் இதைக் காணாமலே போட்டுது, சுலோ. காணாமலே போட்டுது."

சொல்லிவிட்டுக் கையை ஊன்றி, மெல்ல இருந்து, அந்த மினுக்கிய தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார். கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது, துடைக்கவில்லை. ஃபிராவ் எபெர்லே மற்றவர்களைக் கையசைத்துக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

நான் கொஞ்ச நேரம் சுவரோடு நின்றேன். எழுப்பிக் கூட்டிப் போவோம் என்று கிட்டப் போய், அவருடைய வலப்பக்கத்தில் தரையில் இருந்தேன்.

"அக்கா, எழும்புங்கோ. நிலம் குளிருது."

அக்கா முகட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அதிலை இருக்காதை பிள்ளை. அது அவரின்ரை பக்கம்."

நான் எழுந்து, சுற்றிக்கொண்டு மற்றப் பக்கம் போய் இருந்தேன்.