எப்போதும் நூறு காட்டிய பேட்டரி

கெர்னல் வேலை, அதாவது கணினியின் அடிமட்ட மென்பொருள் வேலை, ஒழுங்காக ஓடினால் நாம் இருப்பதே எவனுக்கும் தெரியாது. நின்றால் மட்டும் நம் பெயரைத் தேடுவார்கள். இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! ஸ்மார்ட்போன் பரவாத காலம். நாகர்கோவிலில் ஒரு மாடி அறையில், மீன்பிடிப் போட்டுகள் எங்கே நிற்கின்றன, தன் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கரைக்குச் சொல்லும் பெட்டி செய்தோம். அதன் பாகங்களைக் கெர்னலோடு பேச வைக்கும் டிரைவர் நிரலை எழுதியவன் நான்.

மறைத்துவிட்டார்கள்

பெட்டியின் பேட்டரியைக் கெர்னலில் வேறொரு பகுதி பார்த்துக்கொள்ளும். சார்ஜ் மிச்சம் எவ்வளவு என்று அதனிடம் ஒரு ஃபங்ஷன் வழியாகக் கேட்பதுதான் முறை. நான் கேட்கவில்லை. அது எண்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் ஸ்ட்ரக்சருக்குள் நேரே நுழைந்து நாலாவது இடத்திலிருந்த எண்ணை எடுத்துக்கொண்டேன். புதிய கெர்னலில் அந்தப் பகுதியை எழுதுபவர்கள் ஸ்ட்ரக்சரைத் தங்கள் கோப்புக்குள்ளேயே மறைத்துவிட்டார்கள். என் டிரைவர் கம்பைல் ஆகவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். பக்கத்து மேசை ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

“அவிய மறைச்சு வச்சிருக்காவன்னா உள்ள மாத்தப் போறாவன்னு அர்த்தம் மக்கா. ஒழுங்கா ஃபங்ஷன்ட்ட கேளு.”

என் கெட்டிக்காரத்தனம்

அப்படி மாற்றி எழுத இரண்டு நாள் ஆகும். மறுநாளே போட்டுகளில் ஏற்ற வேண்டும். பழைய ஸ்ட்ரக்சரை நகலெடுத்து என் கோப்பில் ஒட்டினேன். ஒரு எச்சரிக்கைகூட வராமல் கம்பைல் ஆனது. சோதித்தால் நூறு சதவீதம். அப்போதுதான் சார்ஜ் போட்டிருந்ததால் சந்தேகம் வரவில்லை. புதிய கெர்னலில் வரிசையை மாற்றியிருந்தார்கள்; நாலாவது இடத்தில் இப்போது இருந்தது மிச்சச் சார்ஜ் இல்லை, முழுக் கொள்ளளவு. அது என்றைக்கும் நூறுதான். முதலாளி முதுகில் தட்டினார்.

“ரெண்டு நாள் வேலைய ரெண்டு மணிக்கூறுல முடிச்சிட்டியே, இப்படில்லா இருக்கணும்!”

குளச்சல்

குளச்சல் மீனவர் மரியதாசனின் போட்டு ஐந்து பேரோடு, ஒரு வாரம் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கலுக்குப் போனது. சார்ஜ் ஒயர் துருப்பிடித்துக் கழன்றிருந்தது. நூறு என்று காட்டியதால் ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் பெட்டி செத்தது. பேட்டரி நிறைய இருக்கும்போது செய்தி நின்றால் போட்டு மூழ்கியிருக்கும் என்று ஊருக்குச் சொல்லிக் கொடுத்ததே நாங்கள்தான். கடைசிச் செய்தி வந்த இடத்துக்குத் தேடிப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஏழாம் நாள் காலை மாதா கோயிலில் துக்கமணி அடித்துவிட்டார்கள். மாலையில் மரியதாசன் மீனோடு கரையேறி, தன் வீட்டு முன்னால் கூட்டத்தைப் பார்த்து, ஆரு செத்தது என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் அவர் மனைவி பிலோமி பெட்டியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“எனக்க மாப்பிள்ளைக்கு உயிரோட இருக்கையில மணியடிக்க வச்சிட்டியளே... கடல் இப்படிப் பொய் சொல்லாது பிள்ளே.”

அந்த இரண்டு நாளைச் செலவழித்து ஃபங்ஷனிடமே கேட்கும்படி மாற்றி எழுதினேன். இப்போது என் டிரைவர் சரியான எண்ணைத்தான் காட்டுகிறது, அதை நம்பத்தான் குளச்சலில் ஒருத்தரும் இல்லை.