லோரியில் ஏறாத நாள்

மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்தில் என் வீட்டுக்காரர் அலங்கார லோரி மேல் தலைகீழாக நிற்கப்போகிறார் என்று பக்கத்து ஊரான பத்து பெரெண்டாம் வரைக்கும் தம்பட்டம் அடித்தவள் நான்தான். அவருக்கு பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற வேலை. காஜா பேராங்கில் எங்கள் வீட்டின் பின்பக்கம் தினமும் பாய் விரித்து யோகாசனம் செய்வார். முதலில் எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. தலைகீழாக நின்றால் அரிசி வெந்துவிடுமா என்று கேட்பேன். சிரிப்பார். ஆத்திரம் வருகிற நேரத்திலும் மூச்சு சீராக இருக்க வேண்டும், ஆசனமெல்லாம் அதற்குத்தான் என்பார். மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள் நான். அந்தப் பேச்சு என் காதில் ஏறவில்லை.

ஊர்வலத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எனக்கு யோகாசனம் இனித்தது. மூன்று மாதம் பழகினார். வெள்ளைக் கால்சட்டையை நானே தைத்தேன். பக்கத்து வீட்டுச் செட்டி அம்மா தலைமுறையாக மலாய் பேசுகிற வம்சம், தமிழ் வராது. அவரிடம் மலாயில் சொல்லி, போதாதென்று கையாலும் காட்டினேன். லோரி எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பும். பிறகென்ன, தெருவே பார்க்கும்!

அன்று காலை லோரி வந்து ஹார்ன் அடித்தது. அவர் புறப்படுகிற நேரம், பக்கவாதத்தில் கிடந்த மாமனார் படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டார். துணியோடு ஓடினேன். மருமகள் தொடக் கூடாதென்று நல்ல கையால் என்னைத் தள்ளிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பி அழுதார்.

"நீங்க போங்க. அவரு தள்ளினா தள்ளட்டும், நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் கால்சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். கைலி கட்டிக்கொண்டு, லோரியை அனுப்பிவிட்டு வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். ஊரார் முகத்தில் எப்படி முழிப்பது? வாளியை நங்கென்று வைத்தேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் சுளிக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. பாயில் உட்கார்ந்திருக்கும்போது மூச்சு எப்படி வருமோ அப்படியே வந்தது. தெருவில் லோரி புறப்படுகிற சத்தம் கேட்டபோதும் அது மாறவில்லை. முந்தின நாள் பஸ்ஸில் ஒரு சேவல் பறந்து டிரைவர் மடியில் உட்கார்ந்த கதையைச் சொல்லிக்கொண்டே கழுவித் துடைத்து, பவுடர் போட்டு, புது விரிப்பு விரித்தார். மாமனாரின் அழுகை நின்றது. இறுக்கி வைத்திருந்த கையை விரித்து மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று கர்வமாக இருந்தது.

லோரி திரும்பியபோது தெருவே கைதட்டியது. மேலே வேறு யாரோ நின்றார்களாம். நான் வாசலுக்குப் போகவில்லை, விரிப்பை அலசிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம், ஊர்வலத்துக்காக அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் வந்து ஆற்றாமைப்பட்டார்.

"மூணு மாசம் உயிரக் கொடுத்துப் பழகினீங்க. ஒருத்தரும் பாக்காம போச்சே."

என் வீட்டுக்காரர் காப்பியை ஆற்றிக் குடித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்தே சொன்னேன்.

"ஏன், நான் பாத்தேன்ல."