பல்லடுப்பில் வெந்த படலம்

பெற்றோல் வரிசைக் காலத்தைப் பற்றிக் கதை வந்தால் எல்லோரும் வரிசைகளைத்தான் சொல்வார்கள். எனக்கு நினைவு வருவது அந்த நாட்களின் மத்தியானங்கள்.

நான் யாழ்ப்பாணத்தில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட, பல்லுக் கட்டிக் கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் வேலை செய்கிறேன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு வந்தது. இன்றைக்கும் அதே பின்னறை, அதே மேசை. பல் வைத்தியர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள். முதலாளி அண்ணை பீங்கான் பல் செய்வார். மெழுகு வேலையும் மினுக்குகிற வேலையும் என்னுடையவை. முன்பக்கம் போய் ஆட்களோடு கதைப்பதும் அவர்தான். அது எனக்கு நிம்மதி.

அப்போது ஊரெல்லாம் மணிக்கணக்கில் மின்சாரம் நிற்கும். எங்கள் இடம் ஆஸ்பத்திரி லைனில் இருந்தபடியால் தப்பியது.

ஒருநாள் நீர்வேலியிலிருந்து ஒரு அம்மா, கட்டின பல் முரசை, பல்லீறை, வெட்டுகிறது என்று வந்தார். கூட வந்த மகள் என் கதவடியில் நின்று, பீங்கான் சுடும் மின்னடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உது எத்தினை டிகிரி போகும்?"

"ஆயிரம் மட்டும் போகும்."

"கரண்ட் நிக்காதோ?"

"இஞ்சை நிக்காது."

அவள் அப்படியே வாசற்படியில் குந்திவிட்டாள். கம்பஸில் பௌதிக ஆராய்ச்சி செய்கிறாளாம். நகமளவு சில்லொன்றின் மேல், தலைமயிரை விட எத்தனையோ மடங்கு மெல்லிய படலத்தை அடுக்கடுக்காகப் பூசி, ஒவ்வொரு அடுக்கையும் சுடவேண்டும். அங்குள்ள சூளை பாதி சூடேறும்போது மின்சாரம் போய்விடும், படலம் வெடித்துவிடும். அளவெடுக்கும் மெசின் கண்டிப் பக்கத்தில் இருந்தது, அதுவும் ஒரேயொரு நாளைக்குத்தான் கிடைக்கும். அதற்குள் முடியாவிட்டால் அடுக்குப் படலத்தைக் கைவிட்டு, சாதாரணப் படலத்தை வைத்தே எழுதி முடிக்கும்படி அவளைப் படிப்பிக்கிற சேர் சொல்லிவிட்டாராம்.

எங்கள் அடுப்பில் சுட விடுவீர்களோ என்று கேட்டாள். அண்ணை உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "ஈயம் கீயம் கிடந்தால் என்ரை பல்லெல்லாம் மஞ்சளாப் போயிடும் பிள்ளை."

"ஈயம் இல்லை ஐயா. பேரியம், ஸ்ட்ரோன்சியம், டைட்டேனியம்."

"பேரைக் கேக்கவே பல்லுக் கூசுது. சரி, சாப்பாட்டு நேரத்திலை அடுப்புச் சும்மாதானே கிடக்கு. வைச்செடும்."

அன்றிலிருந்து மத்தியானங்களில் வெயிலுக்குள் சைக்கிள் மிதித்து வருவாள். சில்லு ஒரு குட்டிப் பெட்டியில். எங்களுக்குக் கதலிப்பழம் ஒரு பையில். அடுப்புக்கு முன்னால் இருந்து சாப்பிடுவோம். படலத்தின் அடியில் பேரியம் அதிகம், மேலே போகப் போக ஸ்ட்ரோன்சியம் அதிகம் என்றாள்.

"எல்லாத்தையும் ஒண்டாக் கலந்து பூசினால் என்ன?"

"அப்ப மேலும் கீழும் ஒரே குணம் அக்கா. எனக்கு ரெண்டும் வேறையா வேணும். ஆனால் நடுவிலை கோடு தெரியக்கூடாது."

"எங்கடை பல்லு மாதிரி," என்றேன். முரசடியில் மஞ்சள், நுனியில் கண்ணாடி. நாங்களும் பீங்கான் மாவை மாற்றி மாற்றித்தான் சுடுவோம். அவள் சோற்றுக் கையோடு சிரித்தாள்.

சாப்பாடு சுற்றி வந்த பேப்பரில் எனக்குக் கீறியும் காட்டினாள். படலத்துக்கு மின் அழுத்தத்தைக் கூட்டிப் பிறகு குறைத்தால், அதன் கோடு போன வழியால் திரும்பி வராதாம். போன வழியும் வந்த வழியும் சேர்ந்தால் ஓர் இலை மாதிரி இருக்கும். சாதாரணப் படலத்தில் அந்த இலை நடுக்கோட்டுக்கு மேலே பாதி, கீழே பாதி. அவளுடையதில் முழு இலையும் மேலே ஏறவேண்டும்.

ஒவ்வொரு முறை வெந்து வரும்போதும் சில்லின் நிறம் மாறும். மண்ணிறம், பிறகு நீலம், பிறகு கத்தரிப்பூ. பெட்டியைத் திறக்கும்போது அண்ணையும் எட்டிப் பார்ப்பார்.

கடைசி அடுக்குச் சுடவேண்டிய நாள் வந்தது. அடுத்த நாள் விடிய கண்டிக்குப் போகும் வான் வண்டியில் தனக்கு ஓர் இடம் பிடித்திருந்தாள். அன்றைக்குப் பார்த்து, கொழும்புத்துறையிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகளுக்கு மறுநாள் மாதா கோயிலில் கலியாணம். சைக்கிளால் விழுந்து முன்பல் உடைந்துபோயிருந்தது. நாங்கள் செய்து கொடுத்த பல் வெள்ளை கூடிப்போனதென்று, பொருத்தாமல் திருப்பி அனுப்பியிருந்தார் டொக்டர். இன்னொரு அடுக்கு வைத்துச் சுடவேண்டும். பல்லுக்கு ஒரு சூடு, படலத்துக்கு ஒரு சூடு. இரண்டையும் சேர்த்து வைக்க முடியாது; பல்லை முதலில் வைத்தால் நிறம் ஒத்துவரும்வரை எத்தனை தரம் சுடவேண்டிவருமோ தெரியாது. கம்பஸ் பிள்ளை சில்லுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"படலத்தை முதல் வைக்க விடுவினமோ எண்டு நீர் போய்க் கேளும்," என்றார் அண்ணை. "நான் கேட்டால் சண்டையிலை முடியும்."

முன்னறைக்குப் போனேன். என்ன சொன்னேன் என்பது சரியாக நினைவில்லை. குரல் எனக்கே கேட்கவில்லை.

"என்ன கேக்கிறியள்?" என்றார் தாய். "என்ரை பிள்ளை நாளைக்குப் பீடத்துக்கு முன்னாலை வாயைப் பொத்திக்கொண்டு நிக்கிறதோ?"

நான் திரும்பவும் சொன்னேன். இந்த முறை சத்தமாக, இலை மேலே ஏறுவது வரைக்கும் சொன்னேன். கைலேஞ்சியால் வாயை மறைத்துக்கொண்டிருந்த மணப்பெண் சிரித்துவிட்டாள்.

"விடுங்கோ அம்மா. என்ரை பல்லுப் பின்னேரம் வந்தாலும் பல்லுத்தான். அவவின்ரை வான் விடியப் போயிடும்."

தாய் என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "டொக்டர், பின்னேரம் மட்டும் கொஞ்சம் பொறுங்கோ. இஞ்சை வேறை ஒரு கலியாணமெல்லோ நடக்குது."

படலம் முதலில் வெந்தது. பல் பிறகு வெந்தது, நிறமும் ஒத்துப்போனது.

மற்ற நாள் பின்னேரம் கண்டியிலிருந்து போன் வந்தது. "அக்கா, ஏறியிட்டுது!" அவ்வளவுதான் கேட்டது, மிச்சமெல்லாம் இரைச்சல். அண்ணை மிஞ்சிக் கிடந்த கதலிப்பழத்தை உரித்து எனக்குப் பாதி தந்தார்.

இப்போது மின்சாரம் நிற்பதில்லை. பிள்ளையும் வெளிநாடு போய்விட்டாள். மத்தியானங்களில் அடுப்பு சும்மா கிடக்கிறது. சாப்பிடும்போது சிலவேளை அந்த வாசற்படியைப் பார்ப்பேன்.

போன கிழமை கொழும்புத்துறை அம்மா தனக்குப் பல்லுக் கட்ட வந்தார். அண்ணையை விட்டுவிட்டு, பின்னறையை எட்டிப் பார்த்து என்னைக் கேட்டார்.

"உங்கடை பிள்ளையின்ரை இலை என்ன மாதிரி? ஏறினதோ?"

"ஓம் அம்மா, ஏறினது."

முன்னறை வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில் போய் இருந்து, ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் கோடு போட்டு, இலை கீறிக் காட்டினேன். காத்திருந்த மற்ற ஆட்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"உமக்கு உவ்வளவு கதைக்கத் தெரியுமோ?" என்றார் அண்ணை.

உள்ளே அடுப்பு மணி அடித்தது. நான் எழும்பவில்லை. அடுக்கைத் தலைகீழாகப் போட்டால் இலை கீழே இறங்கும் என்பதை இன்னும் அவர்களுக்குச் சொல்லவில்லை.