சலோமி அக்கா வீட்டு முறை

சலோமி அக்கா போய்விட்டார்.

காலையில் அவர் மகள் எஸ்தர் போன் செய்தாள். தூக்கத்திலேயே... என்று மட்டும் சொன்னாள்.

போத்தனூரில் எங்கள் சபையில் இருந்த பழைய ஆட்களுக்கு அவரைத் தெரியும். கணவருக்கு ஸ்டேஷனில் துப்புரவு வேலை. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வீடு.

என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் அந்த நாளில் நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். அக்கா என்று இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். வாரம் ஒரு வீடு, முறை வைத்து. யார் வீடு, எந்த அதிகாரம், எத்தனை பேர் வந்தார்கள்... எல்லாம் என் நோட்டில்தான் இருக்கும்.

ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். பைபிளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் எனக்குத் தமிழே வந்தது. அதனால் அந்த நோட்டின் மேல் ஒரு பெருமை.

சலோமி அக்கா ஒரு வெள்ளிகூடத் தவறியதில்லை. யாராவது ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனால் நடுவில் டக்கென்று "ஆமென்" சொல்லிவிடுவார். ஒருநாள் டீச்சரம்மா ஒருவர் கண்ணைத் திறந்து முறைத்தார்.

"ஆண்டவருக்கும் இன்னும் நாலு ஊட்டுக்குப் போக வேண்டாமுங்களா?" என்றார் அக்கா. டீச்சரம்மாவே சிரித்துவிட்டார்.

ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டில் டீ, ஏதாவது பலகாரம். அதுதான் வழக்கம். அங்கேதான் சிக்கலும்.

அவர் வீட்டு முறை மட்டும் என் நோட்டில் வரவே இல்லை. இடம் பத்தாது, கேட் தாண்ட வேண்டும், மழைக்காலம் போகட்டும்...

உண்மைக் காரணம் சாதி. சபையில் சாதி இல்லை என்று பிரசங்கத்தில் கேட்டு ஆமென் சொன்னவர்கள்தான் நாங்கள். அவர் வீட்டு டம்ளரில் டீ குடிக்க வேண்டுமே என்று யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

ஒரு வெள்ளி என் வீட்டில் கூட்டம். லூக்கா பதினாலு. விருந்துக்கு அழைத்தால் ஒருவன் வயல் வாங்கினேன் என்கிறான், ஒருவன் மாடு வாங்கினேன் என்கிறான், மூன்றாமவன் இப்போதுதான் கல்யாணம் ஆனது என்கிறான்.

"பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்தா வேண்டாம்னா சொல்லப் போறாங்க?" என்றார் சலோமி அக்கா. வீடே சிரித்தது.

எல்லோரும் கிளம்பிய பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அம்மணி, வர்ற வெள்ளி நம்ம ஊட்ல வெச்சுக்கலாமுங்களா?"

"பாக்கலாம் சலோமி... எடம் பத்துமா?"

"புதுசா ரெண்டு பாய் வாங்கியாந்துட்டேனுங்க." கொஞ்சம் நிறுத்தினார். "டீக்குன்னு யோசிக்காதீங்க. கடையில கலர் வாங்கி வெச்சர்றேன். பாட்டில்லயே குடிச்சுக்கலாமுங்க."

எனக்கு முகம் சுட்டது. அப்போதே நோட்டை எடுத்து அவர் பெயரை எழுதினேன்.

வியாழக்கிழமைக்குள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ஒருவருக்கு கேஸ் சிலிண்டர் வருகிறதாம். ஒருவருக்கு ஆனைமலையிலிருந்து நாத்தனார் வருகிறாராம். டீச்சரம்மாவுக்குப் பரீட்சைப் பேப்பர்.

போன வாரம் எதைக் கேட்டுச் சிரித்தோம் என்று எனக்கு ஞாபகம் வந்தது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

"நீங்க போறீங்களா?" என்று டீச்சரம்மா கேட்டார். "போகாம பின்னே?" என்றேன்.

போனேன். கையில் பைபிள், பாட்டுப் புத்தகம், நோட்டு... கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று ஊர்ந்து கொண்டிருந்தது.

பக்கத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சைக்கிளோடு நின்றார். "ஏனுங்க அம்மணி, இந்தப் பக்கம் எங்கீங்க?"

"சும்மாதானுங்க" என்றேன்.

கேட் திறந்தது. எல்லோரும் தாண்டிப் போனார்கள். நான் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து நோட்டில் எழுதினேன். மழை, கூட்டம் இல்லை. அன்றைக்குப் போத்தனூரில் ஒரு துளி விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அவரே என்னிடம் வந்தார். நான் முந்திக்கொண்டேன். "கேட் போட்டுட்டாங்க சலோமி..."

"ஆமாங்க, கூட்ஸ் வந்தா அப்பிடித்தானுங்க. ஒண்ணும் வீணாப் போகலீங்க. எங்க லைன் ஊட்டுப் புள்ளைங்க பூராத்தையும் கூப்புட்டு உக்கார வெச்சுப்போட்டேன். கலரு, பணியாரம், ஒண்ணு மிச்சமில்லீங்க. பாட்டுக்கூடப் பாடுச்சுங்க!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குத்திக்காட்டவில்லை. அவருக்கு அது வராது.

அடுத்த வெள்ளி வழக்கம்போல முதல் ஆளாக வந்து உட்கார்ந்தார். ஆனால் நம்ம ஊட்ல என்று மறுபடி கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.

அப்புறம் நாங்கள் மதுக்கரைக்கு வீடு மாறினோம். கல்யாணங்களில் பார்த்தால் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வார். கேட் திறந்த பிறகுதான் நான் திரும்பினேன் என்று சொல்லிவிட எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது... பந்திக்குக் கூப்பிடுவார்கள். எழுந்து போய்விடுவோம்.

இன்று எஸ்தரிடம் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அதே வீடுதான் என்றாள். வழி கேட்டேன்.

"எங்கூடு உங்களுக்குத் தெரியாதுங்களா ஆன்ட்டி?"

தெரியாது கண்ணு என்றேன்.

நாளை மதியம் மூன்று மணிக்கு வீட்டில் ஜெபம், பிறகு அடக்கம். அந்த வெள்ளிக்கிழமை சிஸ்டர்ஸ் யாராவது இதைப் படித்தால்... வாங்க.

நாளைக்கு வாரேனுங்க, அக்கா.