எந்தத் துறை?

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு மனுவின் கலர் ஜெராக்ஸ் கிடக்கிறது. ‘சம்பந்தப்பட்ட துறை’ என்ற கட்டத்துக்குள் நீல மையில் ‘கல்லுத்துறை’ என்று எழுதியிருக்கிறது. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். போட்டவன் நான்தான்.

எழுதியவர் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் அம்மா. ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே ஓர் ஓடை. மழைக்காலத்தில் பிள்ளைகளை ஒவ்வொருவராக இடுப்பில் தூக்கி அக்கரையில் விடுவதும் அவர்தான். அதற்கு யாரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அங்கே ஒரு நடைபாலம் வேண்டும் என்பதுதான் மனு. அவர்கள் ஓடையில் இறங்கும் இடத்துக்குப் பெயர் கல்லுத்துறை. துறை எது என்று தாள் கேட்டது, அவர் தெரிந்ததை எழுதிவிட்டார். மனுப் பிரிவில் உட்கார்ந்திருந்த நான் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். “துறைன்னா ஆத்துல எறங்குற எடம் இல்லம்மா. கவர்மென்ட்டுத் துறை. எதுன்னு கேட்டுக்கினு வாங்க” என்றேன். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேன். “தண்ணி இடுப்பு மட்டுக்கு வருதுங்க சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு அந்த அம்மா போனார்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் பிறந்தது மூங்கில்துறைப்பட்டில். ஊர்ப் பெயரின் நடுவிலேயே துறை இருக்கிறது. பெண்ணையாற்றில் நாங்கள் குளித்த இடம் துறை. ஆலைக்குக் கரும்பு இழுத்துக் களைத்த மாடுகளைக் கழுவிய இடமும் துறை. கப்பல் வந்து நிற்கும் இடமும் துறைதான் என்று வாத்தியார் சொன்னதைக் கேட்டு, எங்கள் ஆற்றுக்கும் ஒருநாள் கப்பல் வரும் என்று நம்பியவன் நான். வேலை கிடைத்ததும் அந்தச் சொல்லில் தண்ணீர் வற்றிப்போயிற்று. துறைத் தேர்வு, துறைத் தலைவர், துறை நடவடிக்கை என்றாகிவிட்டது. கல்யாண வீட்டில் யாராவது “நீங்க எந்தத் துறைங்க?” என்று கேட்டால் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்வேன்.

அந்த அம்மா அலைந்தார். காடு எங்களுடையது, ஓடை இல்லை என்றார்கள் ஓரிடத்தில். ஓடை சரி, பாதை எங்கள் துறை அல்ல என்றார்கள் இன்னோரிடத்தில். மூன்றாம் முறை என்னிடம் வந்தபோது மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “எல்லாத் துறையும் ஏறி எறங்கிட்டேங்க. புள்ளைங்க எறங்குறது ஒரே துறையிலதான்” என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை. தாளை வாங்கி, பிழை என்று காட்ட அவர் கண்ணெதிரே அந்த வட்டத்தைப் போட்டு, பழைய மனுக்களின் கட்டுக்குள் செருகினேன். பிறகு மறந்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் அவர் ஓடையில் வழுக்கி விழுந்தார். இடுப்பில் இருந்த பெண்குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடியே விழுந்ததால் குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருடைய முழங்கால் உடைந்தது. சேதி கேட்ட மறுநாளே ஜீப் பிடித்து மலையேறினேன். கல்லுத்துறையில் கால் வைத்தேன், முதல் கல்லிலேயே செருப்பு வழுக்கியது. எனக்கு அழுகை வந்தது. திரும்பி வந்து மனுக்கட்டைப் பிரித்து, மனுவோடு ஒரு குறிப்பு வைத்தேன்: ‘துறை தெரியவில்லை. இடம் தெரியும். நேரில் பார்த்தேன்.’ அலுவலகத்தில் அப்படி எழுதும் வழக்கமே கிடையாது. அதைப் பெரிய அதிகாரியின் அறைக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அவர் படித்து முடிக்கும்வரை நின்றேன்.

பாலம் வர இரண்டு மழைக்காலம் ஆயிற்று. போன மாதம் போயிருந்தேன். அந்த அம்மா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தாங்கித் தாங்கி எதிரே வந்தார். பிள்ளைகள் அவரை முந்திக்கொண்டு ஓடினார்கள். எந்தத் துறை கட்டியது என்று நான் பழக்க தோஷத்தில் விளக்க ஆரம்பித்தேன்.

“எந்தத் துறை கட்டுனா இன்னா சார், எங்க துறையிலதான கட்டியிருக்காங்க” என்றார். பிறகு, “எல்லாம் உங்களாலதாங்க. எடம் தெரியட்டும்னு அன்னிக்கே செவப்புல வட்டம் போட்டு வச்சீங்களே, அதான் கரெக்டா இங்கியே கட்டிட்டாங்க” என்றார்.

நான் “ஆமாம்மா” என்றேன். கண்ணாடிக்கு அடியில் அந்த வட்டம் இருக்கிறது. அதன்மேல் ஃபைலை வைத்து மறைத்துக்கொண்டுதான் இப்போதெல்லாம் வேலை பார்க்கிறேன்.