எஞ்சினியரின் பிஸ்கட் பேணி

நீல நிறத் தகரப் பேணி. மூடியில் இருந்த குதிரை வண்டிப் படம் பாதி தேய்ந்துவிட்டது. ஒரு காலத்தில் பிஸ்கட் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த காலத்தில் அதற்குள் அட்டைகள்தாம். அப்போது ஒவ்வொன்றிலும் மேலே ஓர் ஆங்கிலச் சொல், நடுவில் அதற்கு ஹங்கேரிய மொழிச் சொல், மூலையில் பென்சிலால் அந்த இயந்திர உறுப்பின் சிறு படம்.

பேணிக்காரரை நாங்கள் எஞ்சினியர் என்றே அழைத்தோம். எண்பதுகளின் கடைசியில், கனடாவின் எட்மண்டனில் ஒரு பெயின்ட் கடைக்கு மேலிருந்த மொழிபெயர்ப்பு அலுவலகத்தில், பம்புகள், கொதிகலன்கள் பற்றிய கையேடுகளை அவர் ஹங்கேரிய மொழிக்கு மாற்றினார். இளவயதில் புடாபெஸ்டை விட்டு வந்தவர், திரும்பிப் போகவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் பத்திரிகையில் புரூப் பார்த்தவன். இங்கே ஒரு சொல்லும் விளங்காத மொழியில் புரூப் பார்த்தேன். இடது விரல் அவருடைய கையெழுத்துப் பிரதியில், வலது விரல் அச்சில். எழுத்து எழுத்தாக, மேலுள்ள கோடுகளையும் புள்ளிகளையும் ஒப்பிட்டபடி போவேன். மத்தியானத்துக்குள் கண் எரியத் தொடங்கும்.

அவர் நாட்டை விட்டபோது இல்லாத உறுப்புகள் பல வந்திருந்தன. அவற்றுக்கு அவரே சொல் உண்டாக்கினார். ஒரு சொல்லுக்கு ஒரு காலைப்பொழுது போகும். முதலில் படம் வரைவார். அந்த உறுப்பு எப்படி வேலை செய்கிறது என்று எனக்குக் கையால் காட்டுவார். பிறகுதான் எழுதுவார்.

ஹங்கேரியின் எல்லைகள் திறந்தபின், அங்குள்ள தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஒரு கையேடு திரும்பி வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடு. இந்தச் சொற்கள் எங்கள் தொழிலாளருக்கு விளங்கவில்லை என்று கடிதம்; கூடவே அவர்கள் பாவிக்கும் சொற்களின் பட்டியல். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் மாற்றாவிட்டால் வேலை வேறொருவருக்குப் போகும் என்றார் முதலாளி. எஞ்சினியர் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது.

அச்சு இயந்திரத்தில் நின்ற, எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொக்குவில் அண்ணைக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"மனுசன் தான் வெளிக்கிட்ட நாளோட அங்க எல்லாம் அப்பிடியே நிக்குது எண்டு நினைச்சிட்டார்," என்றார்.

"நீங்கள் நினைக்கேல்லையோ, அண்ணை?"

"நான் ஊருக்குக் காயிதம் எழுதுறதையே விட்டிட்டன். பிழை வராது."

கையிலிருந்த மையைத் துடைத்தார். "தேத்தண்ணி கொண்டுபோய்க் குடும். காலமையில இருந்து ஆள் ஒண்டும் குடிக்கேல்லை."

தேநீரை எஞ்சினியரின் மேசையில் வைத்தேன். "அவர்கள் சொல்வது சரி," என்றார் எஞ்சினியர், தன் கனத்த ஆங்கிலத்தில். "ஸ்பானர் பிடிப்பவன் வாயில் என்ன இருக்கிறதோ அதுதான் சொல்."

அடிமட்டத்தை எடுத்து முதல் அட்டையில் ஒரு கோடு போட்டார். தன் சொல் வாசிக்கத் தெரியும்படி, மெல்லிய கோடு. அதன் கீழே தொழிற்சாலையின் சொல். மூன்று நாள் அவர் அட்டைகளைத் திருத்த, நான் பக்கங்களைத் திருத்தினேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்தது. அவருடைய வேலையும் தப்பியது.

அதன்பின் அவர் ஒரு சொல்லும் உண்டாக்கவில்லை. புதிய உறுப்பு வந்தால் ஆங்கிலத்தை எழுதி, படம் வரைந்து, தொழிற்சாலைக்கு ஃபேக்ஸ் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். பதில் வந்ததும் கையேட்டின் பக்கத்தில் எழுதுவார், அட்டையில் எழுதமாட்டார். வேலையின் கடைசி நாளன்று பேணியை என் மேசையில் வைத்தார். "உனக்குப் படங்கள் விளங்கும்," என்றார்.

இப்போது அது என் அலுமாரியில் இருக்கிறது. முன்பாதி அட்டைகளில் இரண்டிரண்டு ஹங்கேரியச் சொற்கள், ஒன்றின் மேல் கோடு. பின்பாதியில் மேலே ஆங்கிலம், மூலையில் படம். நடுவில் ஒரு சொல்லுக்கான இடம், அடியில் பென்சிலால் மெல்லக் கோடிட்டு, வெறுமையாக விடப்பட்டிருக்கிறது.