அண்ணனுக்கு நான் தேர்ந்தெடுத்த கெபாசிட்டர்

எங்கள் அண்ணன் ஆரணியில் பிறந்தார். அப்பா கண்மூடியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. அம்மாவின் பாரமும் என் பாரமும் தோளில் விழ, கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் சேர்ந்தார். "ரெண்டு வருசம் பாத்துட்டு ரேடியோ கடை வெச்சிடுவேன்" என்றார். என் கல்யாணம், அம்மாவின் வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு என்று ஒவ்வொன்றாக வந்து அவரை அங்கேயே கட்டிப்போட்டன. முப்பது வருடம் வெளியே வர முடியவில்லை.

ஞாயிறு மட்டும் அவருடையது. பலகை அறுத்து ஸ்பீக்கர் பெட்டி செய்வார். கீச்சுச் சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் வைக்கும் கெபாசிட்டரில்தான் அவருக்குப் பிடிவாதம். பெரிதாகப் போனால் வேண்டாத சத்தமும் நுழைந்து குரல் கீறும். சிறிதாகப் போனால் மங்கும். ஒன்றை மாற்றி ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்து, என்னை எதிரே உட்கார வைத்து ஒரே பக்திப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவார். பொன்னேரியிலிருந்து சும்மா பார்க்கப் போனவள் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்வேன்.

"இன்னாம்மா, 'ச' வர்ற எடத்துல குத்துதா? பொறுமையா கேட்டுச் சொல்லு."

"உனக்குந்தான் ரெண்டு காது கீதே, நீயே கேளேண்ணா!" என்று சீண்டுவேன். சிரித்து மழுப்பிவிடுவார்.

கடைசியாகச் செய்த ஜோடி, சொந்த வீட்டுக்கு. கெபாசிட்டர் அளவு மூன்று புள்ளி மூன்றா, நான்கு புள்ளி ஏழா என்று ஐந்தாவது முறை கேட்டபோது எனக்கு பஸ் நினைப்பு. "இப்ப போட்டதுதாண்ணா சூப்பர்" என்று எழுந்துவிட்டேன். அதையே வைத்துப் பெட்டியை மூடினார். சில மாதங்களில் நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார்.

காரியத்தன்று அந்த ஸ்பீக்கரில் அதே பக்திப் பாட்டைப் போட்டார்கள். ஒவ்வொரு 'ச'வும் காதைக் கிழித்தது. "இதையா அண்ணன் தினமும் கேட்டார்?" என்றேன். அவரோடு வேலை பார்த்த நண்பர் தலை குனிந்தார்.

"அவருக்கு அந்தக் கீச்சுச் சத்தமெல்லாம் கேக்காதும்மா. மில்லு எரைச்சல்ல காது போயிடுச்சு. தெரிஞ்சா ஊட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு மறைச்சிக்கினே இருந்தாரு. 'என் தங்கச்சிக்குக் காது நல்லா கீது, அது போதும்'ம்பாரு."

கெபாசிட்டரை மாற்றிவிடலாம் என்றேன். அண்ணி விடவில்லை. "நீ செலக்ட் பண்ணதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தாரு. அப்படியே இருக்கட்டும்." அங்கே போகும்போதெல்லாம் அந்தப் பாட்டைப் போடுகிறார். நானும் உட்கார்ந்து கேட்கிறேன். எழுந்து போக வழியில்லை.

ஆம்புலன்ஸுக்கு வழி செய்து முன்னால் ஓடிய தெருக்காரர்களுக்கும், ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து தோள் கொடுத்த மில் தோழர்களுக்கும், இந்த முதலாண்டு நினைவு நாளில் எங்களோடு நிற்கும் சொந்தங்களுக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி.

அண்ணா, உனக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்னை நம்பி அந்தப் பாட்டை நீ ஐந்தாவது முறை போட்டபோது, நான் அதைக் கேட்கவே இல்லை.